இடப்பக்கம் திரும்பிப் படுத்தவள்

கை சில்லென்றிருந்தது. உள்ளங்கையை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் நோயாளியைத் தொட வேண்டும் என்று முப்பத்தைந்து வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர் டாக்டர் ஞானாதிக்கம். இப்போது அவரே கட்டிலில் மல்லாந்து கிடக்க, இந்தப் பெண் கிணற்றுத் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரியான விரல்களால் அவர் மணிக்கட்டில் நாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். பரீட்சை பயத்தில் விரல் நுனிக்கு ரத்தம் வராது, அதற்கு அவள் என்ன செய்வாள். கோட்டில் குத்தியிருந்த அட்டை முகிலா என்றது. கடைசி வருஷம். முக்கால் மணி நேரத்துக்குள் இந்தக் கிழவனிடம் கதை கேட்டு, தட்டிப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, என்ன வியாதி என்று கண்டுபிடித்துவிட வேண்டும். மணியடித்ததும் பரீட்சகர்கள் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். முள்ளிக்கரை மிஷன் ஆஸ்பத்திரியில் ஐம்பது வருஷமாக இதுதான் வழக்கம். பரீட்சை மாதம் நெருங்கினால், சத்தம் தெளிவாகக் கேட்கிற நெஞ்சு எந்த ஊரில் இருக்கிறது, கைக்குக் கனமாகத் தட்டுப்படுகிற மண்ணீரல் எந்த ஊரில் இருக்கிறது என்று பழைய நோட்டைப் புரட்டித் தேடி, கார்டு போட்டு வரவழைத்துக் கட்டிலில் கிடத்துவார்கள். வந்தவர்களுக்குக் கேஸ் என்று பெயர். மதியம் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு, முட்டையோடு. இந்த வருஷம் நல்ல கேஸே சிக்கவில்லை, எல்லோரும் சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டு விடுகிறார்கள் என்று போனில் புலம்பியவன் அரியநாயகம், இப்போதைய துறைத்தலைவன், இவருடைய பழைய மாணவன். பெரும் பஞ்சத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினான். அப்போதுதான் இவர் சிரித்துக்கொண்டே சொன்னார், என் நெஞ்சு இருக்கிறதே, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று. ஆபரேஷன் அடுத்த மாதம்தானே, அதற்குள் உங்கள் பரீட்சை முடிந்துவிடும் என்றும் சொன்னார். அதில் பாதி பொய். இதயத்தைவிட்டு ரத்தம் வெளியேறுகிற வாசல் சுருங்கிக் கெட்டியாகிப் போயிருந்தது, அதை மாற்றியாக வேண்டும், அது உண்மை. நாள் குறித்தது போன வாரத்துக்கு. அடுத்த மாதத்துக்குத் தள்ளியவர் இவர்தான்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று முகிலா கேட்டாள். வாத்தியார் என்றார். பொய்யில்லை. அவள் எழுதிக்கொண்டாள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவரை இந்தப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது; ஆஸ்பத்திரிச் சட்டையும் நாலு முழ வேட்டியும் போட்டுக்கொண்டால் எந்த டாக்டரும் கிழவன்தான். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. படியேறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சைப் பிடித்து அமுக்குகிறது, எட்டு மாதமாக. அவள் கேட்கிற வரிசை அப்படியே அவர் சொல்லிக்கொடுத்த வரிசை, அவரிடம் படித்தவர்களிடம் படித்திருக்கிறாள். மேலே மின்விசிறி கொடக்கு கொடக்கென்று சுற்றியது. இதே வார்டுதான். அப்போது ஓடு போட்டிருந்தது. ஃபீனாயில் வாசனையோடு வெளியே புளியமரத்தடியில் நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் கல்கூட்டிக் கொதிக்கவிடுகிற குழம்பு வாசனையும் கலந்து வரும், எது மருந்து எது சோறு என்று பிரிக்க முடியாது. படிக்க வந்து, எழுபத்திரண்டில் பஸ்ஸைவிட்டு இறங்கின அன்றைக்கு மழை. கரிசல் மண் ஒரு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, ஒற்றைச் செருப்போடுதான் கல்லூரிக்குள் நுழைந்தார். பருத்தி எடுக்கிற மாதத்தில் பாம்புக்கடி, சித்திரையில் கிணற்றுக்குள் விழுந்தவர்கள், வருஷம் முழுக்கக் காசம். பட்டணத்துக் கல்லூரிகளில் புத்தகத்தில் மட்டும் இருக்கிற வியாதியெல்லாம் இங்கே வண்டி கட்டிக்கொண்டு வாசலுக்கு வரும் என்று பெரிய டாக்டர் கோஷி பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை இவருக்கும் தொற்றியிருந்தது. எழுபத்தேழில் இறுதிப் பரீட்சை. அன்றைக்கும் இப்படி ஒரு திரை, இப்படி ஒரு கட்டில், கட்டிலில் இருபத்து நாலு வயதுப் பெண். பெயர் வெயிலுகந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். மூன்று முறை காது கொடுத்தும் இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தன் நெஞ்சு அடிக்கிற அடிதான் காதை அடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பரீட்சைக்குப் போய் வீட்டை விற்றவர் மாதிரி நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, சுவரைப் பார்த்து, மூச்சை முழுக்க விட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டாள். எத்தனை டாக்டர்கள் அவளை அப்படித் திருப்பியிருந்தார்களோ, இந்த வியாதியின் சத்தம் அப்படிப் படுத்தால்தான் பிடிபடும் என்பது புத்தகத்தைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். தூரத்தில் பாரவண்டி ஒன்று மரப்பாலத்தில் ஏறுகிற சத்தம். வந்தது, போனது, வந்தது. "கேட்டுச்சா?" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. அந்த ஒரு கேள்வியால்தான் அவர் டாக்டர்.

"எப்பவாவது மயக்கம் போட்டு விழுந்திருக்கீங்களா, ஐயா?"

"இல்ல" என்றார். யோசிக்கிறதுக்கு முன்னாலேயே வந்துவிட்டது அந்த வார்த்தை, கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்த மாதிரி. அவள் எழுதிவிட்டாள். எழுதட்டும். கேஸாக வருகிறவன் உண்மையைச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் தோற்றுப்போகும் என்று எத்தனை பேரை அதட்டியிருப்பார். மூன்று வாரம் ஆகிறது. காலை பத்து மணி, நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மாடிப்படி ஏறினார். ஒன்பதாவது படி வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கன்னத்துக்கடியில் சிமெண்ட் சுட்டது, கண்ணுக்கு நேரே ஒரு எறும்பு வேப்பம்பூ ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. எறும்பைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தார் என்று தெரியாது. மனைவி மேபல் அன்றைக்கு மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். முழங்கைச் சிராய்ப்புக்குக் கேட்டில் இடித்துக்கொண்டேன் என்று அவளிடம் ஒரு பொய். ஆபரேஷன் நாள் தள்ளிப்போனதற்கு, அதைச் செய்யவிருந்த சென்னை டாக்டர்தான் தள்ளினார் என்று இன்னொரு பொய். சென்னைக்கு, காய்ச்சல் என்று ஒரு பொய். பொய் சொல்லப் பழகின வாய் சும்மா இருக்காது என்பார்கள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்த வியாதிக்காரனுக்கு மயக்கம் வர ஆரம்பித்துவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையில் அந்தக் கோட்டைச் சாக்பீஸால் வருஷா வருஷம் வரைந்தவர் அவர். இத்தனை வருஷம் உயிரோடிருப்பவர்கள் என்று மட்டமாகப் போய்க்கொண்டிருக்கிற கோடு, மயக்கம் என்கிற இடம் வந்ததும் செங்குத்தாக இறங்கும். எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும் என்பார். எழுதிக்கொள்வார்கள். அந்தக் கோட்டில் இப்போது அவர் இறங்கிக்கொண்டிருந்தார். பிறகு எதற்காகத் தள்ளினார். பரீட்சைக்காக என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஒருத்தி எனக்காகத் திரும்பிப் படுத்தாள், நானும் ஒரு பிள்ளைக்காக ஒருநாள் படுத்துவிட்டுப் போகிறேன், அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் நெஞ்செலும்பை அறுக்கிற ரம்பத்தின் சத்தம். எத்தனை முறை பக்கத்தில் நின்று கேட்டிருப்பார், அப்போதெல்லாம் அது வெறும் சத்தம். பயமாக இருந்தது. எழுபத்தோரு வயதில், தெரிந்த விஷயத்துக்கே, பால் மறக்காத பிள்ளை மாதிரி பயமாக இருந்தது.

முகிலா ஸ்டெதஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். அங்கே இல்லையம்மா. சற்று நகர்த்தினாள். அங்கேயும் இல்லை. மேலுதட்டில் வேர்வை பூத்துவிட்டது. கையிலிருந்த தாளைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி நெஞ்சைப் பார்த்தாள். இந்த முகம் அவருக்குத் தெரிந்த முகம். ஞானாதிக்கம் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முன்பக்கம் குனிந்து, மூச்சை முழுக்க விட்டு, நிறுத்திக்கொண்டார். அவருடைய வியாதிக்கு அப்படி. அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு நெஞ்செலும்பின் வலப்பக்கம் மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள், கழுத்துக்குக் கொண்டுபோனாள், மறுபடி கீழே வந்தாள், முகம் தெளிந்தது. நிறைவாக இருந்தது அவருக்கு. இவ்வளவுதான், வந்த காரியம் முடிந்தது, இதைத்தானே வெயிலுகந்தாள் செய்தாள். இந்தக் கதையை எத்தனை மேடையில் சொல்லியிருப்பார். ஓய்வு பெற்ற அன்றைக்கு மைக்கைப் பிடித்து, எனக்கு வைத்தியம் சொல்லிக்கொடுத்தவள் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தீப்பெட்டி ஆபீஸ் பெண் என்று ஆரம்பித்து, கேட்டுச்சா என்று அவள் கேட்ட இடத்தில் நிறுத்துவார். கைதட்டல் வரும். கதை அங்கேயே முடிவதுதான் அழகு. அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கேட்கவில்லை. எண்பத்தொன்றில் மறுபடி வந்தாள். அவளாகத்தான் வந்தாள், சந்தோஷமாகத்தான் வந்தாள், பரீட்சைக்கு வருகிறாயா என்றதும் தலையாட்டினாள். இல்லை. கார்டு போட்டதால் வந்தாள். அதுவும் இல்லை. மூச்சு முட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிப்ரவரியில். இவர் அப்போது கோஷிக்குக் கீழே வார்டு பார்க்கிற டாக்டர், இருபத்தேழு வயது. மருந்தில் அவள் தேறினாள். சுருங்கின வால்வை விரித்துவிட மெட்ராஸுக்கு எழுது என்றார் கோஷி. எழுதினார், மார்ச் கடைசியில் நாளும் வந்தது. பரீட்சை ஏப்ரல் இரண்டாம் வாரம். அவளோ அந்த வருஷத்திலேயே அருமையான கேஸ். வெளியூரிலிருந்து வருகிற பரீட்சகர்கள் முன்னால் முள்ளிக்கரையின் பேர் நிற்க வேண்டும், நல்ல கேஸ்களைச் சேர்த்துவைக்கிற பொறுப்பு இவருடையது. ஆபரேஷன் ஆகிவிட்டால் சத்தம் போய்விடும். இரண்டு மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது. மெட்ராஸுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். நோயாளிக்குக் காய்ச்சல், தேதியைத் தள்ளிக் கொடுக்கவும்.

காய்ச்சல். அதே வார்த்தை. போன வாரம் போனில் அதைச் சொன்னபோது அவருக்கு உறைக்கவில்லை, இப்போது, முகிலா அவர் கணுக்காலை அமுக்கி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் உறைத்தது. வெயிலுகந்தாள் சம்மதித்தாள் என்றுதான் இத்தனை காலம் தன்னிடமே சொல்லிவந்தார். ஏழை ஜனங்கள், ஆபரேஷன் என்றால் பயப்படுவார்கள், தள்ளிப்போனதில் அவளுக்கும் நிம்மதிதான் என்று. அவளுக்குப் பயம் இருந்ததா. இருந்திருக்கும். ஆனாலும் அவள் கேட்டாள். எப்போ அனுப்புவீங்க என்று வார்டு சுற்றும்போதெல்லாம் கேட்டாள், பரீட்சை முடியட்டும் என்றார் இவர், அது என்னவோ அவளுடைய பரீட்சை மாதிரி. பரீட்சைக்கு முந்தின நாள் காலையில் சேலை முந்தானையை விரித்துக் காட்டினாள். இருமலில் ரத்தம். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. அவள் முகம் வெளிறிக் கிடந்தது. இவர் முகம் எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். இவர் முகம் மலர்ந்தது. புத்தகத்தில் போட்ட அடையாளத்தில் அது ஒன்றுதான் அவளிடம் குறைந்திருந்தது, இப்போது அதுவும் வந்து கேஸ் முழுசாகிவிட்டது. நல்லதாய்ப் போயிற்று, நாளைக்குக் கேட்டால் மறக்காமல் சொல்லு என்றார். இதை மேபலிடம் சொன்னதில்லை, கோஷியிடம் சொன்னதில்லை, முழங்கால் போட்டு ஜெபிக்கிறபோதுகூட இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போவார். நல்லதாய்ப் போயிற்று என்றார். அவள் முந்தானையை மடித்துக்கொண்டு கேட்டாள்:

"இன்னைக்கே போயிரலாமாய்யா?"

திங்கட்கிழமை, என்றார். வெள்ளியும் சனியும் பரீட்சை. பன்னிரண்டு பிள்ளைகள். பன்னிரண்டு பேருக்கும் அவள் இடப்பக்கம் திரும்பிப் படுத்தாள், மூச்சை விட்டு நிறுத்தினாள், ரத்தம் வந்ததை மறக்காமல் சொன்னாள். யாரும் தோற்கவில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டு கட்டிலுக்கடியில் கழுவாமல் இருந்தது, மூன்று மணிக்கு மூச்சு இரைத்தது, வாயில் நுரை வந்தது, கோஷி ஓடிவந்தார், செய்ய வேண்டியது அத்தனையும் செய்தார்கள், நாலரைக்கு முடிந்துவிட்டது. இப்படி நடப்பதுண்டு என்றார் கோஷி, தோளைத் தட்டி. கோஷிக்குக் கடிதத்தைப் பற்றித் தெரியாது. அவள் புருஷன் பஸ் பிடித்து வந்து சேர ஆறரை ஆயிற்று. சத்தம் போட்டு அழக்கூட இல்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு குறையும் வைக்கலய்யா நீங்க. முட்டையெல்லாம் குடுத்தீயளாம்லா, சொல்லி விட்டிருந்தா" என்றான். அவன் கை சூடாக இருந்தது. இன்றைக்கும் சனிக்கிழமை. அவள் மாதிரியே படுத்துவிட்டுப் போவதாக நினைத்துக்கொண்டு வந்தாரே, எதை அவள் மாதிரி. அவள் போக வேண்டும் என்று கேட்டவள். இவர் போகாமல் இருக்க அவள் பேரைச் சாக்காக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். செத்த பிறகும் அவளை விடவில்லை, இன்னொரு தரம் கேஸாக்கிவிட்டார்.

வெளியே, இன்னும் பத்து நிமிஷம் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். முகிலா நாற்காலியில் உட்கார்ந்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். தாளில் இன்னும் பாதி வெள்ளையாக இருந்தது. இப்படியே விட்டால் அவள் தேறிவிடுவாள், இவரும் வீட்டுக்குப் போய்விடலாம், மாடிப்படி அங்கேயே இருக்கும்.

"ஏம்மா" என்றார். "மயக்கம் கேட்டியே."

அவள் நிமிர்ந்தாள்.

"விழுந்தேன். மூணு வாரம் ஆச்சு. மாடிப்படியில."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். வந்தது. மூச்சு வாங்கல், நெஞ்சுவலி, மயக்கம், மூன்றும் சேர்ந்துவிட்டது, கேஸ் முழுசு. அந்த மலர்ச்சி அப்படியே அவருடையது, நாற்பத்து நாலு வருஷத்துக்கு முந்தினது. அவருக்குக் கோபம் வரவில்லை. பேனா தாளை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

இதை யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டாள். யாரிடமும் இல்லை. வீட்டில்? தலையை ஆட்டினார். ஆபரேஷன் சொன்னார்களா என்றாள். போன வாரமே இருந்தது, நான்தான் தள்ளினேன் என்றார்.

"ஏன்?"

பரீட்சை முடியட்டும் என்று, எனச் சொல்ல வாயெடுத்தார். வாயில் தயாராகத்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், பதிலை எழுதிக்கொள்ளக் காத்திருக்கவில்லை, சும்மா பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"பயமா இருந்துச்சும்மா" என்றார்.

அவள் எழுந்தாள். மணியடிக்கும் முன்னால் கேஸை விட்டுத் திரைக்கு வெளியே போனால் திரும்ப உள்ளே வரக்கூடாது, அது அவர் காலத்திலிருந்தே உள்ள சட்டம், அவரே எழுதிப் போட்ட சட்டம். அவளுக்கும் தெரியும், கடிகாரத்தை ஒருமுறை பார்த்தாள். திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். பாதி எழுதின தாளும் ஸ்டெதஸ்கோப்பும் கட்டிலின் கால்மாட்டில் கிடந்தன. வெளியே அவள் குரல் கேட்டது, இல்லை சார், கேஸ் சொல்ல வரவில்லை, அவரை வந்து பாருங்கள் சார் என்று. யாரோ அதட்டினார்கள். அவள் மறுபடி அதையே சொன்னாள்.

அரியநாயகம் வந்தான். வந்ததும் கையைத்தான் பிடித்தான், நாடியில் விரல் வைத்தபடியே பேசினான். சார், இந்தப் பொண்ணு சொல்றது நிஜமா என்றான். நிஜம் என்றார். பிறகு, தன் வாத்தியாரைத் திட்ட முடியாதவன் குரலில், இங்கேயே வார்டில் சேர்த்துவிடுகிறேன், அசையாமல் இருங்கள், திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகச் சென்னைக்குப் பேசி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்றான். திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் செருப்பு தெரிந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஞானாதிக்கம் அவன் கையை விடவில்லை.

"இன்னைக்கே போயிரலாமாய்யா?" என்றார்.

அரியநாயகத்தை அவர் ஒருநாளும் ஐயா என்று அழைத்ததில்லை.